கழிவு

கொழும்புக்காரர் முழங்காலில் இருந்து
மேசையின் அடிவயிற்றை ரோச் அடித்துப் பார்த்தார்.
நான் கொளுக்கி தைத்துக்கொண்டிருந்தேன்,
அதே மேசையில்.
எழும்பச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

"இங்கிலிஷ் வேலை," என்றார்.
"நூற்றைம்பது வருஷம், கூடவும் இருக்கலாம்.
துரைசானிமார் தையல் சாமான் வைக்கிறது."
தெரியும்.
மூடியைத் தூக்கினால் பதினொரு அறை:
ஊசிக்கு, நூற்கட்டைக்கு, விரற்பூணுக்கு,
எதற்கென்றே விளங்காத வட்டக்குழி ஒன்று.
சுண்டிக்குளி மிஷன் வீட்டு ஏலத்தில் எடுத்த நாள் தொட்டு
அதில் என் உடைந்த பொத்தான்கள்.
கீழே தொங்கிய பட்டுப்பை உக்கிப்போக
அமெரிக்கன் மா மூட்டையில் ஒரு பை தைத்தேன்,
எழுத்து வெளியே தெரியாமல்
உட்பக்கம் திருப்பி.

பூவைத் தடவினார்.
கடதாசித் தடிப்பில் சீவி
சுடுமணலில் ஓரம் கருக்கி
ஒன்றுக்குள் ஒன்றாய் இறக்கின இதழ்கள்.
நகம் ஓட்டினாலும் இடறாது.
"இந்த மஞ்சள், சற்றின்வூட்."
முதிரை, என்றேன்.
மாங்குளத்துப் பக்கம் கதவுக்கு நிலை வைக்கிற மரம்.
கப்பலில் போய்,
தோல் தோலாய் உரிந்து,
பூவாகித் திரும்பி வந்திருக்கு.
அவர் சிரித்தார்.
கொப்பியில் எழுதவில்லை.

பிறகு அந்த இலையில் வந்து நின்றது கண்ணாடி.
"இது பிந்தி வைச்சது."
ஓம்.
ஷெல் விழுந்து கூரை இறங்கின அன்று
ஓர் இலை தெறித்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை.
முறிந்த பனஞ்சிலாகையில் ஒரு சிராய் எடுத்து
பிளேட்டால் சீவி
கூப்பன் மாவைக் களியாய்க் காய்ச்சி ஒட்டினேன்.
கொஞ்சம் தடிப்புக் கூடிப்போச்சு,
அந்த இடத்தில் மட்டும் நகம் இடறும்.

"முப்பதாயிரம் கழிக்க வேணும்."

கத்தரிக்கோல் நுனியை விட்டு நெம்பினேன்.
லேசில் வரவில்லை. பிறகு
டிக்கென்று வந்தது.
"இப்ப பிந்தி வைச்சது ஒண்டுமில்லை.
எல்லாம் இங்கிலிஷ்தான்."
குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பதினையாயிரம் கழித்தார்.
பையையும் கழற்றித் தந்துவிட்டுப் போனார்.

ஓவர்லொக் மிஷின் வந்து மூன்று கிழமை.
போர்மைக்கா மேசை, ஊசி வைத்தால் உருண்டு விழுகிறது.
வேகமாய் ஓட்டினால் ஒரு கால் ஆடி
தையல் கோணியது, இரண்டு சட்டையைப் பிரித்தேன்.
மூன்றாவதுக்கு முன்
அந்த இலையைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

அளவெடுத்த மாதிரி.