அக்கா வரலையா

ஆனிச் சாரல். குற்றாலம் முழுக்க ஈரத் துண்டு வாசனை.
லாட்ஜ் பையன் என் ஆதார் கார்டைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
திரும்பக் கார்டைப் பார்த்தான்.
"இது உங்க அக்காளா?"

அந்தப் படத்துக்கு நூற்றுப் பதினெட்டுக் கிலோ.
கழுத்து கிடையாது. கன்னம் மேலேறி
கண்ணைச் சின்னதாக்கி வைத்திருக்கும்.
"ஆமா" என்றேன். "கார்டு மாறி வந்துட்டு."
எப்சிபா உதட்டைக் கடித்துக்கொண்டு
தன் கார்டை நீட்டினாள்.

பஸ்ஸிலேயே ஒன்று நடந்திருந்தது.
மூணு பேர் சீட்டில் நானும் எப்சிபாவும் இருந்தால்
கண்டக்டரே அங்கே ஆளை அனுப்பமாட்டார், இருபது வருஷமாக.
ஆலங்குளத்தில் ஏறினவள்
கேட்காமல் கொள்ளாமல் என்னை ஒட்டி உட்கார்ந்து
கூடையை மடியில் வைத்துத் தூங்கிவிட்டாள்.
தென்காசி வரை அவள் தலை என் தோளில்.
எலும்பு குத்தியிருக்கும்.

ஏழு மாசம் ஆகிறது.
மதுரையில் வயிற்றில் ஐந்து துளை போட்டு
இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்கு நறுக்கித் தைத்தார்கள்.
தலைமுடி கொட்டும் என்றார்கள், கொட்டியது.
தோல் தொங்கும் என்றார்கள், தொங்கியது.
பசி எங்கே போகும் என்று நானும் கேட்கவில்லை,
அவர்களும் சொல்லவில்லை.

அருவியில், பெண்கள் பக்கம்.
போன தடவை (அக்கா வந்திருந்த தடவை)
தண்ணீர் அவளை அசைக்கவில்லை.
அடி தாங்காத பிள்ளைகள்
அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன.
உடை மாற்றுகிறவர்களுக்கு அவள்தான் மறைப்பு.
"அக்கா, கொஞ்சம் இப்படித் திரும்பி நில்லுங்க."
திரும்பி நிற்பாள்,
பெருமையாகவும், செத்துவிடலாம் போலவும்.

இந்தத் தடவை தண்ணீர்
ஒரு வார்த்தை கேட்காமல் என்னைத் தள்ளியது.
கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
குடிவராத வீட்டின் கதவை யாரோ தட்டுகிற மாதிரி
நெஞ்செலும்பில் விழுந்துகொண்டே இருந்தது.
கைக்கடியில் தொங்கின தோல்
கொடியில் போட்ட துணியாகப் படபடத்தது.
ஒரு சின்னப்பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்தது.
பிறகு கம்பிக்குப் பதிலாக
அதையே பிடித்துக்கொண்டு குளித்தது.

சாயங்காலம் செங்கோட்டைப் பாதையில் பரோட்டாக் கடை.
ஒன்று சொன்னேன்.
ஓர் அடுக்கை உரித்து இருபது தடவை மென்றேன்.
கோழியில் நகமளவு.
போதும் என்றது உள்ளே.
அது இப்போது கெஞ்சுவதில்லை,
தாலுகா ஆபீஸ் மாதிரி ஜன்னலை அடைத்துவிடுகிறது.
"என்னக்கா சரியில்லையா? மாத்தித் தரட்டா?"
"நல்லாருக்கு தம்பி. சத்தியமா."
அவன் நம்பவில்லை. முதலாளியைக் கூட்டிவந்தான்.
அந்த மனுஷன் என் இலையைப் பார்த்து நின்ற நிற்பு!
அக்கா வந்திருந்தால்
எவ்வளவு சந்தோஷப்படுத்தியிருப்பாள் அவரை.

ராத்திரி எப்சிபா குறட்டை விட்டாள்.
முன்பெல்லாம் என் சத்தத்துக்கு
அவள்தான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள்.
எழுந்து உட்கார்ந்தேன்.
பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி
ஒரு மூடி. பத்து வரை எண்ணு. இன்னொரு மூடி.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
எண்ணாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

சாவி கொடுக்கும்போது பையன் கேட்டான்:
"அக்காவுக்கு ஒண்ணும் வாங்கலையா?"

தென்காசி பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ அல்வா, சூடாக.
பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள்
நெய் காகிதத்தில் ஊறி என் சேலைக்கு வந்தது.
"ஏட்டி, ஒனக்குத்தான் இனிப்பு ஆகாதே. யாருக்கு இது?"
"அவளுக்கு."
எப்சிபா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.
காற்றாடி மரங்கள் நாலைந்து போயின.
பிறகு பொதியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கால் கிலோ அவளுக்குக் காணுமா?"