கொய்யா சௌக்கியமா

காரைக்குடி, திங்கட்கிழமைச் சந்தை.
சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
தராசுக்கு அந்தப்பக்கம் நின்ற
பச்சைச் சட்டைக்காரர் கேட்டார்:
"கொய்யா சௌக்கியமா?
ஊசி போட்ட எடத்துல வீக்கம் வத்திருச்சா?"

கொய்யா என் நாய்.
அவரை நான் பார்த்ததே இல்லை.
நல்ல மனுஷர்தான், முகத்தில் அக்கறை இருந்தது.
"உங்க ஸ்டோரி ஒண்ணு விடமாட்டேன் டீச்சர்.
வியாழன் சாயந்திரம் வீட்டுல ஆள் இருக்காதே,
பொண்ணுக்கு வீணை கிளாஸ்ல?"
அரைக் கிலோ கேட்டிருந்தவள்
ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தேன்.

டவுன் பஸ் செக்காலை தாண்டும்போதுதான் உறைத்தது:
என் பேங்க் கணக்கின் கடவுச்சொல்
கொய்யா, கூடவே அது பிறந்த வருஷம்.
அதற்குக் கேக் வெட்டிய படமும் போட்டிருந்தேன்,
மெழுகுவத்தியில் வயசோடு.

அன்றிரவு போனைக் கொட்டிப் பார்த்தேன்,
மாசக் கடைசியில் பர்ஸைக் கொட்டுவதுபோல.
டார்ச் லைட்டுக்கு என் நாத்தனார் நம்பர் எதற்கு?
பஞ்சாங்கத்துக்கு மைக் எதற்கு,
ராகுகாலத்தில் நான் முனகுவதைக் கேட்கவா?
நான் எங்கே இருக்கிறேன் என்று
பெற்றவளைவிட அடிக்கடி விசாரித்திருக்கிறது
ஒரு செருப்புக் கடை.
ஒவ்வொன்றாக அணைத்தேன்.
உமையாள் பள்ளிச் சீருடையில் நிற்கும் படங்களை
நீக்க நீக்க அது கேட்டது:
நிச்சயமாகவா? நிச்சயமாகவா?
கல்யாணத்தன்றுகூட என்னை
யாரும் இரண்டு தடவை கேட்கவில்லை.

கடைசியில் அதுவே ஒரு கணக்கு காட்டியது:
நாளுக்குச் சராசரி நான்கு மணி நேரம், பத்து நிமிஷம்.
கணக்கு டீச்சர் நான், பெருக்காமல் இருக்க வராது.
வருஷத்துக்கு அறுபத்து மூன்று நாள், சொச்சம்.
பிராகாரத்தில் அறுபத்து மூவர் நிற்பதுபோல
வரிசையாக நிற்கின்றன.
அவர்களுக்காவது ஆளுக்கொரு கதை உண்டு.

இப்போது எட்டரைக்கு மேல் போன் அரிசி டின்னுக்குள்.
முதல் வாரமே இரண்டு தடவை தோண்டி எடுத்தேன்.
விரலெல்லாம் அரிசி ஒட்டியிருக்க
எந்த ஊரிலோ யாரோ தோசை சுடுவதை
முழுசாகப் பார்த்து முடித்தேன்.
சொக்கலிங்கம் சிரித்தார்.
அவர் போன் அவர் வயிற்றின்மேல் இருந்தது.

புதுக் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.
கொய்யாவுக்கும்.

நேற்று நல்ல மழை.
வளவில், ஆத்தங்குடிக் கல்லின் நீலப்பூ நடுவே
ஒரு தவளை வந்து உட்கார்ந்தது,
தனக்கென்றே வார்த்த இடம் என்பதுபோல.
கை தானாக இடுப்புக்குப் போயிற்று.
போன் அரிசிக்குள்.
தொண்டையை ஏழு தடவை உப்பிக் காட்டிவிட்டுத்
தவளை போய்விட்டது.
ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன் பாருங்கள்.
சரி, தவளை மட்டும் உண்மை.
எந்தத் தெரு என்று கேட்காதீர்கள்.
உமையாள் உமையாள் இல்லை,
சொக்கலிங்கம் சொக்கலிங்கம் இல்லை.
கொய்யா என்று நீங்கள் கூப்பிட்டால்
அது திரும்பியும் பார்க்காது.