காத்துக்கும் வாடகை

திங்கள் காலை ரயில்.
ஞாயிறு ராத்திரி கட்டில்மேல் பெட்டியைத் திறந்துபோட்டு
இடுப்பில் கைவைத்து நிற்கிறான் கஜபதி.
பதினாறு வருசமாய் மணலி யார்டில்
கன்டெய்னருக்குள் சரக்கு அடுக்குகிறவன்.
டயரோ தோலோ டைல்ஸோ
பார்த்த மாத்திரத்தில் சொல்வான்
எத்தனை கொள்ளுமென்று.
என் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்:
"இதுல பாதி காத்துதான் போவுது.
காத்துக்கும் வாடகை உண்டும்மே."

நாலாய் மடித்து நான் வைத்த சேலைகளை
உதறிப் போட்டான்.
உருட்டினான், கோரைப்பாய் சுருட்டுவதுபோல்
முழங்காலை ஊன்றி.
மூன்று சேலையும் ஒரு சேலை ஆயின.
எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர்
அடங்கவேயில்லை. அதன் கையிரண்டையும் பின்னால் கட்டி
"திருடனப் புடிச்சாச்சு" என்றான்.
மகள் சிரித்தாள்.
செருப்புக்குள் சார்ஜர்,
சார்ஜர் சுருளுக்குள் தலைவலித் தைலம்,
பவுடர் டப்பா ஓரத்தில் நகவெட்டி.

அதுவரைக்கும் விளையாட்டு.
அப்புறம் வந்தது கருவாடு.

நெத்திலி அரைக் கிலோ. வாளை அரைக் கிலோ.
காரப்பொடி, சென்னாக்குன்னி கால் கால்.
காசிமேட்டுப் பொம்பளைங்க பதினொரு பேர்
காய வைத்ததன் மாதிரி.
கவுகாத்திப் பக்கம் ஒரு சந்தை இருக்கிறதாம்,
நாம் நாற்பதுக்குத் தள்ளிவிடுவதை
அங்கே என்ன விலைக்கு எடுக்கிறார்களென்று
இதுவரை எங்களிடம் யாரும் சொன்னதில்லை.
கேட்டு வரப் போகிறேன்.

கஜபதி மோவாயைச் சொறிந்தான்.
"தோல் ஏத்துன பொட்டியில
டீத்தூள் ஏத்த மாட்டான்."
பாலிதீன், அதன்மேல் செய்தித்தாள்,
அதன்மேல் ஏழு சுற்று பழுப்பு டேப்.
முகர்ந்தான். தலையாட்டினான்.
ஆணியில் தொங்கிய தன் மழைக்கோட்டை எடுத்துவந்து
குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி
சேலைகளுக்கும் மீன்களுக்கும் நடுவே
சுவர் எழுப்பினான்.
"உனக்கு மழ வந்தா?"
"தை மாசத்துல இன்னா மழ, போ."

கணக்கு நோட்டுக்கு இடமில்லை.
எங்கே விரலை நுழைத்தாலும் இறுக்கம்.
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிரகாசி வீட்டுத் தொங்குதராசை
வாசல் உத்தரத்தில் மாட்டி நிறுத்தினான்.
செதில் ஒட்டிய கொக்கியில் என் புதுப்பெட்டி
சுறாபோல் மெல்லத் திரும்பியது.
பதினாலரை.
"ரயிலுக்கு எதுக்குய்யா எடை?"
"ரயில் கேக்காது. மாடிப்படி ஏறச்சொல்லோ
உன் தோள்பட்ட கேக்கும்."

மகளை மூடிமேல் உட்காரவைத்து ஜிப்பை இழுத்தான்.
சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக் சீல்.
யார்டில் கேட்டே வாங்கினதாம்.
கடக் என்று பூட்டியது.
"நம்பர எழுதிக்கோ.
வேற நம்பர் இருந்தா எவனோ தொறந்துட்டான்னு அர்த்தம்."
மார்க்கரால் ஒரு அம்பு வரைந்தான்,
பக்கத்தில் 'மேல்'.

காலை ஷிப்ட். சென்ட்ரலுக்கு வரவில்லை.

பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை.
நடந்தே போய்வந்த தெருக்களையெல்லாம்
ரயில் ஒரே மூச்சில் தாண்டியது.
திருவொற்றியூருக்கு அப்பால் மதில்களுக்குப் பின்னே
சிவப்பும் நீலமுமாய் கன்டெய்னர்கள்,
ஐந்தின்மேல் ஐந்தாக.
அவன் யார்டு இன்னும் மேற்கே.
தெரியாதென்று தெரிந்தும்
ஜன்னலில் முகத்தை ஒட்டி எட்டிப் பார்த்தேன்.

போன் போட்டேன்.
"சீல எதால வெட்டறது?"
"நகவெட்டி இருக்குதே."
"எங்க?"
"உள்ள, எடது மூலயில, பவுடர் டப்பா..."
பின்னணியில் ஃபோர்க்லிப்ட்டின் பீப் பீப்.
கொஞ்ச நேரம் அது மட்டும்.
அப்புறம் அவன் சிரித்த சிரிப்புக்கு
எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

எண்ணூர். எல்லோரும் மூக்கைப் பொத்தி
ஜன்னலை இறக்குகிறார்கள்.
குனிந்து சீட்டுக்கடியில் முகர்ந்தேன்.
நான் இல்லை. ஃபேக்டரி.

அம்பு மேலே பார்த்தபடி இருக்கிறது.
இன்னும் இரண்டு ராத்திரி.
நைலான் நூலைக் கடித்து வலை முடைந்த பல்
நாலு எனக்கு இன்னும் மிச்சம்.
வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.