பின்மரை

புதுக் குழல் இரண்டு அங்குலம் குட்டை.
"குறி தப்பும்" என்றான் ராயப்பன்.
"தோளு தப்பிக்கும்ல" என்றான் பூங்காவனம்.

எண்ணூர்க் கழிமுகம். சாம்பல் படிந்த தோணி விளிம்பில்
கரிமருந்து, பால் கவரில் ரவை.
குதிரையைத் தாழ்த்தியிருக்கிறான் கொல்லன்,
கேப்புக்குள் இனி மழை இறங்காதாம்.

எல்லாம் சரி, அந்த மரைதான் பேச்சு:
வாயால் தின்று வாயாலேயே கக்கிய சாமானுக்குப்
பின்னால் ஒரு கதவு.
"கய்வ சுளுவா கீது"
திருகிக் கழற்றினான்.

வெறுங் குழல் கைமாறியது.
ஒருவனுக்கு அனல்மின் புகைபோக்கி, காசளவு.
ஒருவனுக்கு நிலக்கரிக் கப்பலின் மூக்கு.
எனக்கு,
அந்த முனையில் குனிந்திருந்த
தேசப்பனின் கண்.

இமைத்தது.
"சுத்தமா கீதா?"

"கீது" என்றேன்.
குழலை முதலில் இறக்கியது
நான்தான்.