எடைக்குறைவு

சொத்து அறையின் சாவி என்னிடம்.
சொத்து என்றால் நகையோ நிலப்பத்திரமோ அல்ல.
ஜார்ஜ் டவுன் கோர்ட்டின் பின்கட்டில்
குற்ற எண் எழுதிய சாக்கு மூட்டைகள்.
ஐப்பசியில் கனக்கும்
கத்திரியில் இளைக்கும்.
பதினோரு வருடமாக
நிறுத்து நிறுத்து எழுதுகிறேன்.

பீச் ஸ்டேஷனில் ஆவடி லோக்கல் ஏறினால்
பக்கத்து சீட்டுப் பெண் மெல்ல நகர்வாள்.
ஒருநாள் ஒரு காலேஜ் பையன் மட்டும்
மூக்கை உறிஞ்சி, என் நரையைப் பார்த்து
"ஆன்ட்டி, நீங்களுமா?" என்பதுபோலச் சிரித்தான்.
நானும் சிரித்துவைத்தேன்.
சோப்பு மாற்றியாச்சு, வெயிலில் போட்டாச்சு.
புடவையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது
அரசாங்க வாசனை.

இன்று கொர்ரா புல்லம்மாவின் மூட்டை.
அரக்குப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த சரக்குக்கு
அரக்கு முத்திரை.
சென்ட்ரலில் பிடித்தார்கள்.
தூக்குகூலி மூவாயிரம், டிக்கெட் தனி.
மகஜரில் இருபத்தொரு கிலோ நானூறு.
என் தராசில் பதினெட்டுத் தொள்ளாயிரம்.
இருபதைத் தாண்டினால் பத்து வருஷத்துக்குக் குறையாது.
தாண்டாவிட்டால் நீதிபதியின் மனசு.
நடுவே இரண்டரைக் கிலோ ஈரம்
ஜன்னல் வழியே போயிருக்கிறது,
ஜாமீன் கேட்காமல்.

"இலையும் விதையும் தனியே இருந்தால் கஞ்சா அல்ல, யுவர் ஆனர்,
பூத்த நுனிதான் கஞ்சா.
பிரித்து நிறுத்தார்களா?"
வக்கீல் ரெஜினால்ட் சொல்வது சட்டப்படி சரி.
ஒரே காம்பில்
பூ குற்றவாளி, இலை நிரபராதி.
வடக்கே அந்த இலைக்கு
ஏலம் எடுத்து, போர்டு மாட்டி, கடை நடத்துகிறார்கள்.

டீ இடைவேளையில் குமாஸ்தா நாகபூஷணம் சொன்னார்:
வெள்ளைக்காரன் ஒரு கமிஷன் வைத்தானாம்.
ஆயிரத்துச் சொச்சம் சாட்சி, ஏழு வால்யூம்.
அளவோடு எடுத்தால் பெரிய கேடில்லை என்று எழுதிவிட்டு
வரியை வாங்கிக்கொண்டானாம்.
நூறு வருஷம் ஆவதற்குள்
வேறு ஊர் மேஜையில் போட்ட கையெழுத்துக்காக
நாம் கதவைச் சாத்தினோமாம்.
"கையெழுத்துப் போட வச்சவன் ஊர்லயே
இப்ப ஏசி கடையில விக்கிறாம்மா"
என்று பன்னை நனைத்தார்.
வைத்தியச் சுவடியில் சிவமூலி, கோரக்கர் மூலி.
என் பேரேட்டில்
'பசுமை கலந்த பழுப்பு நிற, நெடியுள்ள, உலர்ந்த செடிப்பொருள்'.

அண்ணன் மகள் ஹம்பர்க்கிலிருந்து வீடியோவில் காட்டினாள்.
பால்கனியில் மூன்று தொட்டி.
"மூணு வரைக்கும் தப்பில்ல அத்தை"
என்று துளசிக்கு ஊற்றுவதுபோல ஊற்றினாள்.
சத்தத்தைக் குறைத்தேன்.
எதிர் வீட்டில் ஜெரோம்,
பதினேழு வயசு,
ராத்திரியெல்லாம் சுவரோடு பேசுகிறான்.
அவன் அம்மா ஃபுளோரா தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள்:
"அதெல்லாம் உன் ரூம்லதானே கெடக்கு,
ஒரு தீக்குச்சி இல்லையா உங்கிட்ட?"
அவளுக்கும் பதில் இல்லை,
அண்ணன் மகளுக்கும் இல்லை.
குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூண்டில் ஏறி எடையைச் சொன்னேன்.
மொழிபெயர்ப்பாளர் தெலுங்கில் சொன்னார்.
புல்லம்மாவின் பாஷை தெலுங்கும் இல்லை.
பாதி புரிந்து, கம்பியைப் பிடித்தபடி
என்னவோ கேட்டாள்.
மொழிபெயர்ப்பாளர் தயங்கினார்.
"சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"கொறஞ்ச எடைக்கு
அவ கூலியில பிடிப்பீங்களான்னு கேக்குறா, ஐயா."

ஃபேன் மட்டும் சுற்றியது.
"அது பதிவில் வேண்டாம்" என்றார் நீதிபதி.
வாய்தா இருபத்தாறாம் தேதி.

மூட்டையை மறுபடி கட்டி
அரக்கு உருக்கினேன்.
ஒரு சொட்டு விரலில் விழுந்தது.
பேரேட்டின் குறிப்புப் பத்தியில்
'உலர்வு' என்று எழுதி
தேதி போட்டேன்.