எட்டாவது பிரேக்கர்

சோஹாரில், கடலுக்கு மூன்று தெரு உள்ளே,
கல்ஃபான் வீட்டுக்கு மூன்று ஃபேஸ்.
சிவப்பில் மேல்மாடி ஏசிகள் மொத்தமும்,
மஞ்சளில் சமையலறை, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார்,
நீலத்தில் மிச்சம்மீதி.
கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தேன்:
இருபத்தாறு, பதினொன்று, மூன்று.
வயர் இழுத்தவன் எவனோ
அன்றிரவே ஊருக்கு விமானம் ஏற இருந்திருக்கிறான்.

கூரையில் இருபத்துநான்கு பேனல்.
ஆகஸ்ட் வெயிலை எல்லோரும்தான் வாங்குகிறோம்,
அவை மட்டும் கணக்கு வைக்கின்றன.
ஆனால் தெருவில் கரண்ட் போனால்
கூரையும் கூடவே படுத்துவிடும்.
"தலைக்கு மேலே இவ்வளவு வெயில்,
கீழே என் மீன் உருகுமா?" என்றார் கல்ஃபான்.
நியாயமான கேள்வி.
அதனால் பேட்டரி.

மூன்று ஃபேஸுக்கும் சேர்த்தால் இவ்வளவு என்றேன்.
தாடியைத் தடவினார்.
ஒன்றுக்கு?
சொன்னேன்.
"அப்படியானால் ஒன்று."

ஒன்று என்றால் நீலம்.
இருட்டில் எது பிழைக்க வேண்டுமோ
அதையெல்லாம் நீலத்துக்குக் குடிமாற்ற வேண்டும்.
விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார்:
மஜ்லிஸ் ஏசி, மஜ்லிஸ் விளக்கு, மீன் ஃப்ரீஸர்,
வைஃபை, கேட் மோட்டார், அம்மாவின் அறை.
ஏழாவது நான் சொன்னது:
பேட்டரி இருக்கும் அறைக்கு ஏசி.
ஐம்பது டிகிரி அதற்கு ஆகாது.
சிரித்தார். "சரி, அதுவும் விருந்தாளிதானே."

சின்ன போர்டில் எட்டு இடம்.

பின்கட்டில் ஓர் அறை, சமையல்காரப் பெண்ணுடையது.
ஒரு விளக்கு, ஒரு ஃபேன், சிவப்பில்.
இரண்டு தடவை சுலைமானி கொண்டுவந்து வைத்தாள்,
ஏணிக்கடியில், கால் படாத இடமாகப் பார்த்து.
ஃபேன் ஐம்பத்தைந்து வாட்.
மஜ்லிஸ் ஏசி ஒரு மூச்சு இழுப்பதில் அது எத்தனை பங்கு
என்று கணக்குப் போட்டேன், பாதியில் விட்டேன்.
டெக் பகதூரை டார்ச் பிடிக்கச் சொன்னேன்.
எட்டாவதில் ஸ்டிக்கர் ஒட்டி எழுதினேன்: ஸ்பேர்.

செப்டம்பரில் ஒரு ராத்திரி ஊரே அணைந்தது.
காலையில் ஃபோன்.
கேட் திறந்ததாம். மீன் கல்லாகவே இருந்ததாம்.
"பின்னறையில் ஃபேன் சுற்றியது."
நான் பேசவில்லை.
"ஸ்பேர் என்று எழுதியிருக்கிறாய்."
ஆமாம்.
"பொய் எழுதாதே. வந்து மாற்று."

எதை மாற்ற என்று கேட்டுக்கொள்ளவில்லை.
டெஸ்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு
மார்க்கரை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.
ஸ்டிக்கரைக் கிழித்த பிறகுதான் உறைத்தது,
அவள் பெயர் எனக்குத் தெரியாது.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.
என்ன எழுத என்று கேட்டேன்,
என் அரை அரபியில்.
அவளுடைய அரையில் பதில் வந்தது:

"ஃபேன் என்று எழுது.
ஆள் மாறும்."

எழுதினேன். மார்க்கர் காய்ந்திருந்தது,
ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.