கொம்பு

வட்டில் மூன்று விளையாட்டுகள்.
என் ஞாயிறுகள் ஒன்றுக்குத்தான் போதும்.

பாயான் லெப்பாசில் இரவு ஷிஃப்ட் முடித்து
கண்ணாடியில் எண் அட்டை ஒட்டிய
தொழிற்சாலை பஸ்ஸில் தூங்கி வழிந்து
ரெலாவ் அடுக்குமாடி, எட்டாம் தளம்.
காலுறையைக் கழற்றாமல்
கணினிமுன் உட்கார்ந்திருக்கிறேன்.

இரவெல்லாம் சில்லுகளைச் சோதிக்கிறவள் நான்.
தேறியது இடப்பக்கம், தேறாதது வலப்பக்கம்.
வீட்டுக்கு வந்தும் அதே வேலையா என்று
குரல் செய்தியில் சிரிக்கிறான் சரோஷன்.

அவன் ஓட்டு வாள் விளையாட்டுக்கு.
"ஊரே அதத்தான் ஆடுது ஹேமா,
ஒரு கவசம் செஞ்சு போடு,
ஒரே வாரத்துல பத்தாயிரம் பேர் எடுத்துக்குவான்."

பொய்யில்லை.
அதில் புல்கூடக் காற்றுக்குச் சாய்கிறது.
குதிரையின் மூச்சு குளிரில் புகைகிறது.
மோட் மட்டுமே நாலாயிரத்துச் சொச்சம்;
என்னுடையதும் போய்ச் சேரலாம்
கல்யாண வீட்டுக்கு வந்த
பதினேழாவது சுவர்க் கடிகாரமாக.

இரண்டாவது, பண்ணை.
டர்னிப்பைப் பிடுங்கிவிட்டு
வெண்டை நட்டேன்.
முளைத்தது, பூத்தது, மஞ்சளும் சரியான மஞ்சள்.
பெயரைத்தான் காட்ட மறுத்தது:
வரிசையாக வெற்றுச் சதுரங்கள்,
இன்னும் ஆள் குடிவராத ஃபிளாட் மாதிரி.
எழுத்துருவை மாற்றினேன்.
எழுத்து வந்தது,
கொம்புதான் இடம் மாறி வந்தது.
தன் எழுத்தை விட்டு
அடுத்த எழுத்தின் தோளில் கை போட்டிருந்தது.

விவசாயிக்கு என் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன்.
ஹேமாஷினி
ஹமோஷினி ஆனாள்.

ஹமோஷினி மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்.
ஹமோஷினி மீன் பிடித்தாள்.
ஹமோஷினிக்கு ஊர்த் தலைவரின் மகன்
பூங்கொத்து கொடுத்தான்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தைப்
பால்கனியிலிருந்து பார்ப்பதுபோல.

இரண்டு மாதம் போராடினேன் அந்தக் கொம்போடு.
இயந்திரத்தின் அடிவயிற்றில்
பூட்டிய அறை ஒன்று இருக்கிறது,
சாவி அதைச் செய்தவர்களிடம்.

மூன்றாவதை நான் சொல்லவே இல்லை சரோஷனிடம்.
தள்ளுபடியில் நாலு ரிங்கிட்டுக்கு வாங்கியது.
பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில்
பஸ் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.
எதிரி கிடையாது. புள்ளிகள்கூடக்
கதவை நேரத்துக்குத் திறந்தால்தான்.
பயணிகள் எல்லாருக்கும் சேர்த்து ஐந்தே முகம்.
பனி, பல் தேய்க்கும்போது தெறிக்கும் நுரை.

கோப்புறையைச் சும்மா திறந்தேன்.
பஸ்ஸின் நெற்றிப் பலகைகள்
எழுத்தே இல்லை!
எல்லாம் படம்.
நீளமாக, கறுப்பாக, சின்னச் சின்னப் படம்.

படத்துக்கு இலக்கணம் தெரியாது.
கொம்பு எது, கால் எது, கேட்காது.
வைத்த இடத்தில் நிற்கும்.

தேறியது, இடப்பக்கம்.

காலுறையோடே வரைந்தேன்.
முதலில் கொம்பு, அப்புறம் ஜ.
தோ-வின் காலை மட்டும் இரண்டு தடவை அழித்தேன்.
மஞ்சள் விளக்கு நிறத்தில்
ஜெலுத்தோங்.
மூலையில் எண் வேண்டுமே;
எங்கள் தளம், வீட்டு இலக்கம்: 8-14.

கீழே சந்தைக்கு மீன் வண்டி வந்துவிட்டது.
திரையில் இன்னும் விடியவில்லை.
பனித் தெருவில் ஓட்டிப் போகிறேன்.
இந்த ஊரில் அந்தப் பெயரை
வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை,
அப்படி ஓர் இடமும் இல்லை.
தேவாலயம், ரொட்டிக் கடை, மூடிய வங்கி.

நிறுத்தத்தில் ஐந்து முகங்களில் மூன்றாவது,
சாம்பல் கோட்டுப் பெண்.
கதவைத் திறக்கிறேன், சரியான நேரத்துக்கு.

பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
ஏறி
சில்லறையை நீட்டுகிறாள்.